எலி வளை ஆனாலும்

வின்னிபெக்கில் ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
இந்த நிலவறையில் என்றைக்கும் இருபத்திரண்டு.
பன்னிரண்டு மணி நேரம் பகல், பன்னிரண்டு மணி நேரம் இரவு,
சூரியனைக் கேட்காமல்.

செவ்வாய்க்கிழமை புதுக் கூண்டுகள் வந்தன.
அட்டைப் பெட்டியைக் கிழித்த மரிசெல்
உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"மாடி வீடு. எனக்கே இல்லை."

பழைய கூண்டின் உயரம் பதினெட்டு சென்டிமீட்டர்.
வளர்ந்த எலி நிமிர்ந்து நின்றால் இருபத்தாறு.
இந்த ஒரு கழித்தல் கணக்குக்கு
மூன்று ஆண்டுகள், நான்கு விண்ணப்பங்கள்.
இரண்டாவதைத் திருப்பி அனுப்பியவர்கள் கேட்டிருந்தார்கள்,
நிற்க வேண்டிய அவசியம் என்ன என்று.
சோம்பல் முறிக்க, என்று தட்டினேன்.
மேலே என்ன வாசம் என்று பார்க்க.
சும்மா.
பிறகு மூன்றையும் அழித்துவிட்டு
'இனத்துக்கு இயல்பான உடல்நிலை' என்று எழுதினேன்.
பணம் வந்தது.

எலி வளை ஆனாலும் தனி வளை வேண்டும் என்பார்கள்.
சொன்னவர் எலியைக் கேட்டதில்லை.
தனியே வைத்த எலி நான்காம் நாளே
மூலையோடு மூலையாகிவிடுகிறது.
இரண்டாக வைத்தால்
அத்தனை இடம் மிச்சம் கிடக்க
ஒன்றின் முதுகில் ஒன்று ஏறித் தூங்குகின்றன.
தனி வளை கேட்பது வாடகை கொடுக்கிறவர்கள்.
நானும் கேட்டு வாங்கியிருக்கிறேன்
பெம்பினா நெடுஞ்சாலையில், ஒற்றைச் சன்னலோடு.

கூண்டுக்கு ஒரு சிவப்புக் குழாய் வைத்தோம்.
நமக்குத்தான் சிவப்பு. அவற்றுக்கு அது இருட்டு.
ஒளிந்துகொண்டதாக அவை நம்பும்,
நாம் பார்த்துக்கொண்டே இருப்போம்.

முதல் இரவு எதுவும் மேலே ஏறவில்லை.
கூரை இன்னும் பழைய இடத்திலேயே இருப்பதுபோல்
குனிந்தே நடந்தன.
மூன்றாம் இரவின் கேமரா பதிவில், இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு,
ஒன்று நின்றது.
முன்னங்கால்களைத் தொங்கவிட்டு
பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி, வெறுமனே.
மரிசெல் அதைப் பதினோரு தடவை ஓட்டிப் பார்த்தாள்.

பி குழுவைத் தொட வேண்டாம், என்றார் டாக்டர் சிகுர்ட்சன்.
நாற்பத்தெட்டு எலிகள். மார்ச் பாதிவரை பழைய கூண்டிலேயே.
பாதியில் வீடு மாற்றினால்
சிறுநீரகம் சொல்வது எது, வீடு சொல்வது எது
என்று பிரிக்க முடியாது.
தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.
சரியாகவும் சொன்னார்.
என் கைப்பையில் இன்சுலின் பேனா இருக்கிறது.
அதன் அட்டைப் பெட்டியில் காலாவதித் தேதி உண்டு,
எத்தனை டிகிரியில் வைப்பது என்று உண்டு.
எத்தனை கூண்டு, என்ன உயரம் என்று இல்லை.

மாடி வீட்டுக்காரர்களுக்கும் அட்டையில்
ஒரு தேதி எழுதித்தான் மாட்டியிருக்கிறது.
அதை மாற்றச் சொல்லி
எந்த விண்ணப்பமும் நான் போடவில்லை.

புதன்கிழமைகளில் பி குழுவுக்கு எடை பார்ப்பேன்.
வாலைப் பிடித்துத் தூக்குவதை நிறுத்தியாயிற்று;
இரு உள்ளங்கையையும் கிண்ணமாக்கி
தராசின் டப்பாவுக்கு மாற்றுகிறோம்.
டப்பாவுக்கு மூடி கிடையாது.
பதினேழாம் எண் போன வாரம்தான் அதைக் கண்டுபிடித்தது.
மெல்ல எழுந்தது. மூக்கை மேலே நீட்டியது.
நானூற்றுப் பன்னிரண்டு, நானூற்றெட்டு, நானூற்றுப் பதினைந்து.
நிற்கும் எலியின் எடை நிலைப்பதில்லை.
எண் அசையாமல் நின்ற பிறகே குறிக்க வேண்டும் என்பது விதி.

அதனால் காத்திருக்கிறேன்.
வரிசையில் இன்னும் முப்பத்தொரு எலிகள்.
மரிசெல் கடிகாரத்தைப் பார்க்கிறாள்,
என்னைப் பார்க்கிறாள்,
பேனா மூடியைத் திரும்ப மாட்டுகிறாள்.